விழியின் உட்படலம்

கண்ணின் முகப்பிலே பளிங்குபோல் அமைந்துள்ள விழிவெண்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. அதன் உட்புறத்தே ஒரு மென்சவ்வும், அச்சவ்வைப் போர்த்து ஒற்றை வரிசைக் கலங்களாலான அகவணியும் உள்ளன. இவை அறியப்பட்ட வரலாறு பெயர் பற்றிய ஒரு பூசலுடன் தொடங்குகின்றது.

1758 ஆம் ஆண்டிலே பாரிசில் ஜோன் டெசமே என்னும் மருத்துவர், கண்புரை பற்றிய தமது ஆய்வுரையில் இம்மென்சவ்வை விவரித்தார். சில ஆண்டுகளின் பின்னர் பியர் டெமூர் என்பார், அதனை முதலிற் கண்டவர் தாமே என வாதாடினார். உண்மையில் இவ்விருவர்க்கும் முன்னரே, 1729 இல், இங்கிலாந்தின் பெனடிக்ற் டடெல் அதுபற்றி எழுதியிருந்தார். ஆயினும் நூல்களில் நிலைத்தது டெசமேயின் பெயரே. முந்திக் கண்டவனைப் புகழ் மறந்துவிடுதல் அறிவுலகிற்குப் புதிதன்று. 2013 ஆம் ஆண்டிலும் இத்தகைய பூசலொன்று எழுந்தது. நொற்றிங்ஹாம் பேராசிரியர் ஹர்மிந்தர் டுவா, டெசமே சவ்வுக்கு முன்னே மற்றுமொரு மெல்லிய படை உண்டென அறிவிக்க, அது தனிப்படையன்று எனச் சிலர் மறுத்துரைத்தனர்.

பெயர்ப் பூசலிலும் பெரிது அகவணியின் தொழில். நுணுக்குக்காட்டியில் அதன் கலங்கள் தேனடையின் அறைகள்போல் அறுகோணமாய் நெருங்கித் தோன்றும். உயிருள்ள மனிதரின் கண்ணிலேயே அவற்றைக் காணலாம் என 1920 இல் அல்பிரெட் ஃபோக்ற் காட்டினார். கண்ணின் முன்னறையிலுள்ள நீர் விழிவெண்படலத்துள் இடையறாது கசிகின்றது. அந்நீர் தங்குமாயின் படலம் வீங்கிப் பால்போல் வெளுத்துவிடும். அகவணி சிதைந்தால் இவ்வீக்கம் உண்டாகும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் தியோடர் லேபர் 1873 இலேயே நிறுவினார். கசிந்த நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றுவனவும் இக்கலங்களே என்பதை டேவிட் மொரிஸ் 1972 இற் காட்டினார்.

முதிர்ந்தோர் கண்ணில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 2,500 கலங்கள் உள. மடிந்தவற்றின் இடத்தைப் புதிய கலங்கள் நிரப்புவதில்லை. அயலிலுள்ளவை விரிந்து அவ்விடத்தை மூடும். அவையும் பெரிதும் குறைந்துவிடின் பார்வை மங்கும். அந்நிலையில் பிறர் ஒருவரின் படலமே துணை.

இலங்கையில் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் நிறுவிய கண்தானச் சங்கம் கடல்கடந்த நாடுகளுக்கும் விழிகளை அனுப்பியது. இறந்தவரின் கண்ணைச் சில மணி நேரத்துள் எடுத்தல் வேண்டும் என விதித்தமைக்கு முதன்மையான காரணம் அந்த ஒற்றை வரிசைக் கலங்களே. உடல் அடங்கிய பின்னரும் அவை சிறிது நேரம் உயிருடன் இருக்கின்றன.