‘ஓல் றீஜியன்’ மட்டும் போதுமா? டிவிடி பிளேயர் வாங்கும் முன் அறிய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் இப்போதும் டிவிடி பிளேயர் தேடித் திரிபவர்கள் இருக்கிறார்கள். நான் பேசியவர்களில் ஒருவர்கூடப் புதுப்படம் பார்ப்பதற்காகத் தேடவில்லை. அதற்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. அலுமாரிக்குள் கிடக்கும் இறுவட்டுகளைப் போட்டுப் பார்க்க ஒரு கருவி இல்லை என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. ரொறன்ரோவில் நடந்த மகளின் கலியாணம், பரிசில் நடந்த தமையனின் செத்தவீடு, விசா கிடைக்காததால் போகமுடியாமல் போன பேத்தியின் சாமத்தியவீடு எல்லாம் எமது வீடுகளுக்கு இறுவட்டாகத்தான் வந்து சேர்ந்தன.

இன்னொரு வகை இறுவட்டும் இருக்கிறது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 வீதி திறந்த பிறகு, புலம்பெயர்ந்த உறவுகள் கமராவோடு ஊருக்கு வந்தார்கள். 2006 ஓகஸ்டில் அந்த வீதி மீண்டும் மூடப்படும் வரை வீடு, வளவு, கோயில் திருவிழா, அயலட்டைச் சனம் என்று எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போய், பிறகு பிரதி எடுத்து அனுப்பினார்கள். அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களில் பலர் இன்று இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்விலும் 2009இல் வன்னியிலும் அல்பங்களைக் கைவிட்ட குடும்பங்களுக்கு, வெளிநாட்டில் தப்பியிருந்த பிரதிதான் சிலவேளை எஞ்சிய ஒரே அசையும் படம்.

இவற்றைப் பார்ப்பதற்கென்று கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் சொல் ‘ஓல் றீஜியன்’. “அண்ணை, இது ஓல் றீஜியன். எந்த நாட்டு டிஸ்கும் ஓடும்” என்பார்கள். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அது எமக்கு எவ்வளவு தேவை, அதைவிட முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். டொலரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் விலைகளை எழுதவில்லை. பார்க்க வேண்டிய விடயங்கள் மாறுவதில்லை.

வலயம் என்றால் என்ன?

டிவிடி 1996இல் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்களில் ஒரு ஹொலிவூட் படம் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் வெளிவருவதில்லை. அமெரிக்காவில் இறுவட்டாக விற்கப்படும் படம் வேறு நாட்டில் அப்போதுதான் தியேட்டருக்கு வரும். முதல் நாட்டு இறுவட்டு மற்ற நாட்டில் ஓடினால் வசூல் கெடும். ஆகவே படநிறுவனங்கள் உலகத்தை வலயங்களாகப் பிரித்து, இறுவட்டிலும் பிளேயரிலும் ஓர் இலக்கத்தைப் பதித்தன. இரண்டும் பொருந்தினால்தான் படம் ஓடும்.

அமெரிக்காவும் கனடாவும் 1ஆம் வலயம். பிரித்தானியா உட்பட மேற்கு ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஜப்பான் ஆகியவை 2ஆம் வலயம். தென்கிழக்காசியாவும் தென் கொரியாவும் 3. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா 4. இலங்கை, இந்தியா உட்பட்ட தெற்காசியாவும் ரஷ்யாவும் ஆபிரிக்காவின் பெரும்பகுதியும் 5. சீனா 6. இறுவட்டு உறையின் பின்பக்கத்தில் சிறிய பூமிப்பந்துப் படத்துக்குள் இந்த இலக்கம் இருக்கும். ‘ஓல்’ அல்லது 0 என்றிருந்தால் அது பூட்டப்படாத இறுவட்டு. தமிழ்த் திரைப்பட இறுவட்டுகள் பல இப்படித்தான் வந்தன.

வீட்டு இறுவட்டுக்கு வலயம் இல்லை

பலருக்குத் தெரியாத விடயம் இதுதான். வலயப் பூட்டு, படநிறுவனங்கள் தொழிற்சாலையில் அச்சடித்து விற்கும் இறுவட்டுகளுக்கு உரியது. ஸ்கார்பரோவில் ஒரு வீடியோக்காரர் தன் கணினியில் எழுதிக் கொடுத்த கலியாண இறுவட்டில் வழமையாக அந்தப் பூட்டு இருக்காது. விசிடி இறுவட்டுகளுக்கு வலய முறையே கிடையாது.

அப்படியென்றால் கனடாவில் இருந்து வந்த இறுவட்டு ஏன் ஓடுவதில்லை? காரணத்தை ரிவித் திரையே காட்டிக்கொடுக்கும்.

முதலாவது, இறுவட்டு சுழல்கிறது, ஆனால் வலயம் பிழை என்று எழுத்து வருகிறது. இது வலயப் பூட்டு. கடையில் வாங்கிய படங்களில்தான் வரும்.

இரண்டாவது, சத்தம் ஒழுங்காகக் கேட்கிறது, படம் மட்டும் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலும் கீழுமாக உருள்கிறது. இது ஒளிபரப்பு முறையின் சிக்கல்.

மூன்றாவது, ‘நோ டிஸ்க்’ என்று காட்டுகிறது, அல்லது நடுவில் நின்று நின்று ஓடுகிறது. இறுவட்டு அழுக்காக இருக்கலாம், கீறல் விழுந்திருக்கலாம், பிளேயரின் லேசர் களைத்திருக்கலாம், அல்லது அந்த வகை இறுவட்டைப் பிளேயர் வாசிக்காதிருக்கலாம்.

எமது வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும். ‘ஓல் றீஜியன்’ ஸ்ரிக்கரால் இவை இரண்டும் தீராது.

‘பால்’, ‘என்ரிஎஸ்சி’

இலங்கையும் ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் ‘பால்’ முறையைச் சேர்ந்தவை. அதில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள், டிவிடியில் 576 கோடுகள். கனடா, அமெரிக்கா, ஜப்பான் ‘என்ரிஎஸ்சி’ முறை. அதில் ஏறக்குறைய 30 படங்கள், 480 கோடுகள். 2003இல் யாழ்ப்பாணத்தில் பிடித்த படமாக இருந்தாலும், ரொறன்ரோவில் பிரதி எடுத்திருந்தால் அது ‘என்ரிஎஸ்சி’ ஆகத் திரும்பி வந்திருக்கும். பழைய பெட்டி ரிவியில் நிறம் போவது இதனால்தான்.

எச்டிஎம்ஐ உள்ள தட்டை ரிவிகள் பொதுவாக இரண்டு முறைகளையும் ஏற்கும். பழைய ரிவி வைத்திருப்பவர்கள், ‘என்ரிஎஸ்சி’ இறுவட்டை ‘பால்’ முறைக்கு மாற்றிக் கொடுக்கும் பிளேயரைக் கேட்டு வாங்க வேண்டும். மலிவான பிளேயர்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. செற்றப் பட்டியலில் ‘ரிவி சிஸ்ரம்’ அல்லது ‘ரிவி ரைப்’ என்ற இடத்தில் பழைய ரிவிக்குப் ‘பால்’ என்றும் புதிய ரிவிக்கு ‘ஓட்டோ’ என்றும் வைக்கவும். திருத்தக் கொடுக்க நினைத்த பிளேயர் சிலவேளை இந்த ஒரு மாற்றத்தோடு சரியாகிவிடும்.

கடையில் செய்ய வேண்டியவை

வீட்டில் உள்ள இறுவட்டுகளில் நாலைந்தைக் கையோடு கொண்டு போங்கள். கனடாவில் இருந்து வந்தது ஒன்று, ஐரோப்பாவில் இருந்து வந்தது ஒன்று, பழைய விசிடி ஒன்று, கொஞ்சம் கீறல் விழுந்தது ஒன்று. பெறுமதியான ஒரே பிரதியைக் கொண்டு போக வேண்டாம். போட்டுக் காட்டாத கடையில் வாங்கவும் வேண்டாம்.

உங்கள் ரிவியின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்துக் கொண்டு போங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இருக்கின்றனவா, எச்டிஎம்ஐ மட்டுமா என்று கடைக்காரருக்குத் தெரிந்தால்தான் சரியான வயரைத் தருவார்.

பிளஸ் ஆர், மைனஸ் ஆர் இரண்டும் ஓடுமா, விசிடி ஓடுமா என்று கேளுங்கள். யூஎஸ்பி ஓட்டை இருந்தால் நல்லது. பிறகு பென் டிரைவில் போட்டுப் பார்க்கலாம்.

ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல பிளேயர்களில் முன்பக்கத்தில் இரண்டு மூன்று பொத்தான்கள்தான் இருக்கும். ரிமோட் தொலைந்தால் செற்றப் பட்டியலுக்குள் போகவே முடியாது.

வெளிநாட்டுக் கடையில் வாங்கிய படங்களும் உங்களிடம் இருந்தால் மட்டும் ‘ஓல் றீஜியன்’ முக்கியம். மலிவான சீனத் தயாரிப்புகள் பெரும்பாலும் பூட்டில்லாமலே வருகின்றன. பெரிய நிறுவனங்களின் பிளேயர்கள் விற்கப்படும் நாட்டின் வலயத்துக்குப் பூட்டப்பட்டிருக்கும். சிலவற்றை ரிமோட்டில் குறிப்பிட்ட இலக்கங்களை அழுத்தித் திறக்கலாம். அதைக் கடைக்காரரே உங்கள் முன்னால் செய்து, 1ஆம் வலய இறுவட்டு ஒன்றைப் போட்டுக் காட்டட்டும். சில அமெரிக்கப் படங்கள் பூட்டில்லாத பிளேயரை அடையாளம் கண்டு மறுப்பதும் உண்டு. அப்போது பிளேயரை 1 என்று மாற்றி வைத்தால் ஓடும்.

புளூ-ரே பிளேயர் வாங்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். அதற்கு ஏ, பி, சி என்று வேறு வலயங்கள் இருக்கின்றன. டிவிடிக்கான பூட்டு அதிலும் தனியாக இருக்கும். வீட்டு இறுவட்டுகளைப் பார்க்க அந்த மேலதிகச் செலவு தேவையில்லை.

வெளிநாட்டில் இருந்து அனுப்பும் பிளேயர்

“நாங்கள் பாவிக்கிறேல்லை, அனுப்பிவிடட்டோ?” என்று உறவினர் கேட்டால், பின்பக்க லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ற், 50/60 ஹேட்ஸ் என்றிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 வோல்ற் மட்டும் என்றிருந்தால் எமது 230 வோல்ற் மின்சாரத்தில் நேரடியாகச் செருகியவுடன் எரிந்துவிடும். அதற்கு ட்ரான்ஸ்போமர் வாங்கும் காசைப் புதிய பிளேயரில் போடலாம். ஐரோப்பாவின் பழைய பிளேயர்கள் சிலவற்றில் அகலமான ‘ஸ்கார்ட்’ ஓட்டை மட்டுமே இருக்கும். அது எமது ரிவிகளுக்குப் பொருந்தாது.

கணினியில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவிடி டிரைவின் வலயத்தை மாற்றவா என்று கணினி கேட்டால் யோசித்து அழுத்துங்கள். ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவதாக வைத்த வலயத்திலேயே டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். வீட்டு இறுவட்டுக்கு மாற்றம் எதுவும் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி மென்பொருளில் அவை அப்படியே ஓடும்.

ஓடாத இறுவட்டை எறிய வேண்டாம்

மென்மையான பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் அதனால் விழும் கீறல்தான் லேசரை அதிகம் குழப்பும். பிறகும் ஓடாவிட்டால் இரண்டு மூன்று வேறு பிளேயர்களிலும் கணினியிலும் போட்டுப் பாருங்கள். ஒன்று வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும்.

கைக்கமராவில் நேரடியாகப் பதிந்த 8 சென்ரிமீற்றர் குட்டி இறுவட்டுகள் சில, ‘ஃபைனலைஸ்’ என்ற கடைசி வேலையைச் செய்யாமல் எடுக்கப்பட்டிருக்கும். அவை அந்தக் கமராவில் மட்டுமே ஓடும். கமரா இன்னும் இருக்கிறதா என்று அனுப்பியவரிடம் கேளுங்கள்.

பிளேயர் வாங்கிய பிறகு

பிளேயர் ஒரு பாலம் மட்டும்தான். வீட்டில் எழுதிய இறுவட்டு சாயப்பூச்சில் பதியப்படுவது. வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் அந்தச் சாயத்தை அரிக்கும். தகரக் கூரைக்குக் கீழ் 20 வருடம் இருந்த இறுவட்டு இன்று ஓடுவதே அதிர்ஷ்டம். பிளேயர்களும் குறைந்து வருகின்றன. சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே பிளேயர்கள் வெளியிடுவதை நிறுத்தியது. ஆகவே பார்க்க முடிந்த நாளிலேயே பிரதி எடுங்கள்.

கணினியில் இறுவட்டைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புறைகளை முழுமையாகப் பிரதி செய்தால் போதும். ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிபி. ஒரு பிரதி வீட்டில் வன்தட்டிலும், இன்னொன்று வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினரிடமும் இருக்கட்டும். ஒரே இடத்தில் வைத்தவை என்னவாகும் என்பதை நாம் இரண்டு மூன்று இடப்பெயர்வுகளில் படித்திருக்கிறோம்.

கடையில் பிரதி எடுப்பதானால் பக்கத்தில் இருந்து எடுப்பியுங்கள். சில இறுவட்டுகளில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் முகம் இருக்கிறது. இன்னும் சிலவற்றில், வெளியே தெரியக்கூடாது என்று குடும்பம் இத்தனை வருடமாகக் காத்த விடயங்கள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் கடைக் கணினியில் உள்ள பிரதியை உங்கள் முன்னால் அழிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஊர்த் திருவிழா, பாடசாலை விழா, கூத்து போன்ற பொதுவான பதிவுகள் இருந்தால், 2005 முதல் எமது ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலக நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம். அவர்களுடைய ‘ஆவணகம்’ தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் இடம் உண்டு.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. முதல் தடவை போட்டுப் பார்க்கும்போது வீட்டில் உள்ள மூத்தவரைப் பக்கத்தில் இருத்துங்கள். தேவையான இடத்தில் நிறுத்தி, இது யார், யாருடைய மகன், எந்த ஊர் என்று கேட்டு, எந்த நிமிடத்தில் வருகிறார் என்பதோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும்.