பறக்கும் உரிமையும் பதிவு நாடும்

கரமனையாற்றின் கரையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இடம்பெயர்தல் புதியதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; கரமனை கேரளத்தில் நின்றது. ஆயினும் நாகர்கோவிலிற் பெற்ற காரோட்டும் உரிமம் இன்றும் கரமனையிற் செல்லும். விமானம் ஓட்டும் உரிமமும் இந்தியாவுக்குள் அத்தகையதே. வான்பயணம் நம் அரசியலமைப்பின்படி மத்திய அரசின் பொறுப்பாதலின், பெங்களூரிற் பயின்ற விமானி திருவனந்தபுரத்திலும் தடையின்றிப் பறக்கலாம். ஆனால், பெங்களூரினும் அண்மையிலுள்ள கொழும்பிற் பெற்ற உரிமம் இங்கே தானாகச் செல்லாது. அமெரிக்காவில் பெரும்பொருள் செலவிட்டுத் தனியார் விமானி உரிமம் பெற்றுத் தாயகம் திரும்பும் இளைஞர்க்கும் இதே நிலைதான். இஃது ஏன் என்பதை வரலாறு விளக்கும்.

இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் எண் உரிமத்தை ஜே. ஆர். டி. டாட்டா 1929 பிப்ரவரி 10ஆம் நாள் பெற்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1935இல், அவர் தோற்றுவித்த விமான நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிற்று. அங்கே விமானத்தளம் உருவாக முன்னின்று உழைத்த கோதவர்ம ராஜாவும் பயிற்சி பெற்ற விமானியே. அதே ஆண்டு நவம்பர் 27இல் சென்னையிலிருந்து சென்ற விமானம் இலங்கையின் இரத்மலானைத் தளத்தில் முதன்முதலாக இறங்கிற்று. அந்நாளில் சென்னையும் கொழும்பும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தன. இன்று அவை இரு நாடுகள். விமானங்கள் தாங்கும் பதிவெழுத்துக்களும் வேறு.

இங்கேதான் செய்தியின் உயிர் இருக்கிறது. கப்பலுக்குக் கொடி எவ்வாறோ, அவ்வாறே விமானத்துக்குப் பதிவு. 1919ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையும், 1944 டிசம்பர் 7இல் கையொப்பமான சிகாகோ உடன்படிக்கையும் இக்கருத்தின்மேல் எழுந்தவை. சிகாகோ உடன்படிக்கை 1947 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 32ஆவது விதிப்படி, பன்னாட்டு வான்பயணத்தில் ஈடுபடும் விமானத்தை ஓட்டுபவர், அவ்விமானம் பதிவான நாடு வழங்கிய உரிமத்தையோ, அந்நாடு செல்லுபடியாக்கிய உரிமத்தையோ பெற்றிருத்தல் வேண்டும். அமெரிக்கப் பதிவுள்ள விமானத்தை அமெரிக்க உரிமத்தோடு ஓட்டி வருபவரைப் பிற நாடுகள் ஏற்பது பொதுவிதி. அதே மனிதர் இந்தியப் பதிவுள்ள விமானத்தில் ஏறி அமர்ந்தால், இந்தியாவின் ஒப்புதல் தேவையாகிறது. மனிதர் ஒருவரே, திறமையும் ஒன்றே, விமானத்தின் நாடுதான் வேறு.

அவ்வுடன்படிக்கையில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. தன் குடிமகன் பிறநாட்டிற் பெற்ற உரிமத்தைத் தன் நிலத்தின்மீது பறப்பதற்கு ஏற்க மறுக்கும் உரிமையை ஒவ்வொரு நாடும் வைத்துக்கொண்டது. 1919இலேயே இருந்த ஏற்பாடு இது. இது நம்மவரை ஐயுறுவதாகத் தோன்றலாம். ஆனால் அதன் பயன் தெளிவு. உள்நாட்டுத் தேர்வு கடினமெனில், எளிய தேர்வுள்ள நாட்டுக்குச் சென்று உரிமம் பெற்று வருதல் எளிதாகிவிடும். அவ்வழியை அடைப்பதற்கு இவ்விதி உதவுகிறது.

எனினும் உலகநாடுகள் குறைந்த அளவான பொதுத் தகுதியை வகுத்துள்ளன. தனியார் விமானிக்குப் பொதுவாக 40 மணிநேரப் பறப்பு, அதில் 10 மணிநேரம் தனியே பறத்தல், 270 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு தனிப்பயணம் ஆகியவை அதில் அடங்கும். எனவே வெளிநாட்டிற் பெற்ற பயிற்சி வீணாவதில்லை. பறந்த மணிநேரம் கணக்கிற் சேரும். புதிதாகக் காட்டவேண்டியவை உள்நாட்டு வான்விதிகளின் அறிவு, உடல்தகுதி முதலியனவே. 1937ஆம் ஆண்டின் இந்திய விமான விதிகளில் 45ஆவது விதி வெளிநாட்டு உரிமத்தைச் செல்லுபடியாக்குதற்கென்றே அமைந்தது.

இங்கிருந்து வெளிநாடு செல்வோரும் ஒன்றைக் கருத வேண்டும். அமெரிக்கா, பிறநாட்டு உரிமத்தை அடிப்படையாகக் கொண்டு தன் தனியார் விமானிச் சான்றினை வழங்குகிறது. அச்சான்று மூல உரிமத்தைப் பற்றி நிற்கும் கொடி போன்றது. மூலம் செல்லாதாயின் அதுவும் பயன்படாது. ஆதலால் தாயகத்து உரிமத்தைக் கைவிடாது புதுப்பித்து வருதல் இன்றியமையாதது.

ஊர்விட்டு ஊர் வந்த நம் முன்னோர் கற்ற தொழிலைக் கைவிடாமலே புதிய ஊரின் முறைகளையும் பயின்றனர். விமானிக்கு வானம் கேட்பதும் அதுவே. பறப்போர் பதிவேட்டை இழக்காமற் காத்து, மூல உரிமத்தை உயிரோடு வைத்து, ஏறப்போகும் விமானம் எந்நாட்டு எழுத்தைத் தாங்குகிறதென்று முதலிற் பார்ப்பாராயின், பட்ட பாடும் செலவிட்ட பொருளும் வீண்போகா.