நரம்புச் சிலந்தி

நம் வயதுக்காரர்களில் சிலருக்காவது இந்தப் பெயர் நினைவிருக்கும். இதற்கும் வலை பின்னும் சிலந்திக்கும் சம்பந்தமில்லை. சிலந்தி என்றால் கட்டி, கொப்புளம் என்று இன்னொரு பொருளும் உண்டு. காலில் கொப்புளம் எழும்பும். அது உடைந்ததும் வெள்ளை நரம்பு போல ஒரு புழு தலைநீட்டும். பெயருக்குக் காரணம் அதுதான். ஆங்கில வைத்தியத்தில் கினியா புழு என்பார்கள்.

இந்தப் புழு பிழைக்கும் விதம் ஆச்சரியமானது. குளத்து நீரில் சைக்ளோப்ஸ் என்ற மிகச் சிறிய உயிரினம் உண்டு. புழுவின் குஞ்சுகள் அதற்குள் இருக்கும். வடிகட்டாமல் அந்த நீரைக் குடித்தால் சைக்ளோப்ஸ் வயிற்றில் செரித்துவிடும். குஞ்சுகள் தப்பித்துக் குடலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். ஆண் புழு இணை சேர்ந்தபின் செத்துவிடும். பெண் புழு ஏறத்தாழ ஒரு வருடம், ஆளுக்குத் தெரியாமலே வளரும். இரண்டு மூன்று அடி நீளம்கூட வரும்.

பிறகுதான் அதன் சாமர்த்தியம். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வந்து கொப்புளம் உண்டாக்கும். நெருப்பு வைத்தது போல எரியும். எரிச்சல் தாங்காமல் மனிதன் எதைத் தேடுவான்? தண்ணீரைத்தான். காலை நனைத்த அடுத்த கணம் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். தாகமும் எரிச்சலும் நம்முடையவை; அவற்றால் பிழைத்தது அது.

மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வெளியே வந்த முனையை ஒரு குச்சியில் சுற்றி, தினமும் சிறிது சிறிதாக இழுப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் உள்ளே சீழ் வைத்து, ஆள் நடக்க முடியாமல் படுத்துவிடுவார். உயிர் போவது அபூர்வம். ஆனால் விதைப்போ அறுப்போ நடக்கும் நேரத்தில் கூலிக்காரர் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது என்றும் கிடையாது.

1870 வாக்கில் ருஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி ஃபெட்சென்கோ, துருக்கிஸ்தானில் சைக்ளோப்ஸின் பங்கைக் கண்டுபிடித்தார். புழுவின் வழி தெரிந்தால் அடைப்பதும் எளிதுதானே? 1920களில் புகாரா நகரில் டாக்டர் இசாயெவ் தலைமையில் அங்கிருந்த குளங்களைச் சீர்செய்து, பத்தாண்டுக்குள் நோயை ஒழித்தார்கள்.

நம் நாட்டில் தேசிய ஒழிப்புத் திட்டம் 1983-84இல் தொடங்கியது. அப்போது தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் இந்த நோய் அறியப்பட்டிருந்தது. 1984இல் மட்டும் ஏறக்குறைய 40,000 பேருக்கு இருந்தது. பெரிய எதிரி படிக்கிணறு. இறங்கி, காலை நனைத்து, குடத்தை முக்கும் கிணறு புழுவுக்குச் சொர்க்கம். அவற்றை மூடினார்கள், அல்லது சுவர் எழுப்பி, கயிறு போட்டு இறைக்கும் கிணறாக மாற்றினார்கள். அடிபம்பு போட்டார்கள். குடத்தின் வாயில் துணி கட்டி வடிகட்டச் சொன்னார்கள். தண்ணீரில் மருந்து தெளித்தார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தேடினார்கள்.

கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000 பிப்ரவரியில் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தடுப்பூசி இல்லை, மாத்திரை இல்லை. துணியும் கயிறும் கைப்பிடிச் சுவரும் போதுமானதாக இருந்தன.

உலக அளவில் 1986இல் 35 லட்சம் பேருக்கு இருந்தது என்று மதிப்பிட்டார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதை ஒழிக்க முன்நின்றார். கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்பது அவர் ஆசை. 2024 டிசம்பரில், நூறாவது வயதில் அவர் காலமானார். அந்த வருடம் உலகத்தில் 15 பேருக்குத்தான் நோய் கண்டது. ஆனாலும் புழு மிஞ்சிவிட்டது. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் அது நாய்களிடமும் குடியேறிவிட்டதே காரணம்.

குழாயைத் திறந்து குடிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரியாது. தெரியாமல் இருப்பதும் நல்லதுதான். ஆனால் பாட்டி குடத்தில் ஏன் துணி கட்டினாள் என்று கேட்டால், பதில் சொல்ல நாம் இருக்க வேண்டும்.