கொமிட்டுக்கு முன்னோர் யார்?

லயத்துல பைப்பைத் திறந்தா தண்ணி வருது. அது எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும்னா, குழாய் போற வழியே மலை ஏறணும். 'கிட்' பாவிக்கிற எங்களில் பலருக்கு 'கொமிட்' போடுவதும் பைப்பைத் திறக்கிற மாதிரித்தான். அதுக்குக் கீழே இருக்கிற கட்டளைகளுக்கு, கிட்டைச் செய்தவர்களே 'பிளம்பிங்' என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். இந்த முறை அந்தக் குழாய் வழியே கொஞ்சம் மேலே போவோம்.

லினக்ஸ் கேர்னலை எழுதியவர்கள் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற மென்பொருளைப் பாவித்தார்கள். 2005 ஏப்ரலில் அதன் இலவசப் பாவனை நின்றுபோக, லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7ஆம் திகதி கிட்டின் முதல் கொமிட் பதிவானது. அந்த முதல் கிட்டில் இருந்தவை 7 சிறு நிரல்கள்தான். 'கொமிட்' என்று ஒரே சொல்லில் முடிகிற கட்டளை அப்போது கிடையாது. எல்லாம் கையாலதான்.

இன்றைக்கும் அப்படிச் செய்து பார்க்கலாம். 'ஹேஷ்-ஒப்ஜெக்ட்' கோப்பின் உள்ளடக்கத்தைச் சேமித்து, 40 எழுத்தில் ஓர் அடையாளம் தரும். 'அப்டேட்-இன்டெக்ஸ்' அதைக் கோப்பின் பெயரோடு பட்டியலில் ஏற்றும். 'ரைட்-ட்ரீ' அந்தப் பட்டியலை ஒரு மரமாக எழுதும். 'கொமிட்-ட்ரீ' அந்த மரத்தோடு எழுதியவர், பதிந்தவர், நேரம், ஒரு குறிப்பு எல்லாத்தையும் சேர்த்துக் கொமிட்டாக்கும். கடைசியில் 'அப்டேட்-ரெஃப்' கிளையின் பெயரை அந்தக் கொமிட்டுக்குத் திருப்பிவிடும். இந்தக் கடைசி வேலையை மறந்தா, கொமிட் உள்ளே கிடக்கும். ஆனா எந்தப் பெயரும் அதைச் சுட்டாது. காலம் போனால் கிட்டே அதைக் குப்பையென்று கூட்டித் தள்ளிவிடும்.

'கொமிட்-ட்ரீ'யில் '-பி' என்று ஒரு குறி உண்டு. இதுக்கு முந்தின கொமிட் எது, அதாவது பெற்றோர் யார் என்று அதில்தான் சொல்லணும். சொல்லாவிட்டால் வரலாற்றுச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

இந்த இடத்துல எங்களுக்கு மலையகம் ஞாபகம் வராமல் எப்படி?

தோட்டத்தில் ஒருத்தரின் நாளைச் சொன்னது செக்ரோல். காலையில் பெரட்டுக்குப் போய், கொழுந்து பறிச்சு நிறுத்தால்தான் 'பேர்' விழும். நிறை குறைஞ்சா அரைப்பேர். உழைத்தவர் ஒருத்தர், பேர் போட்டவர் இன்னொருத்தர். 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், தோட்டம் மாறுகிறவரின் பழைய கடனும் துண்டுச்சீட்டில் ஏறி அவர் பின்னாலேயே வந்தது. கடனுக்குத் தொடர்ச்சி எழுதிவைக்க ஆள் இருந்தது.

பிறகு வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்டணும். இல்லாட்டித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டணும். சட்டம் கேட்டது '-பி'யைத்தான். லயத்துல பிறந்த எத்தனையோ பேரிடம் அதுக்குப் பத்திரம் இல்லை. 1949ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. எஞ்சியிருந்தோருக்குக் கதவைத் திறந்த சட்டம் வர 2003 ஆயிற்று. அதுவரை அவர்கள் எந்தக் கிளையும் சுட்டாத கொமிட்டுகள்.

கிட்டின் முதல் நாள் நிரலில் '-பி' இல்லாமல் கொமிட் போட்டால் அது மறுக்கவில்லை. இது தொடக்க மரம் என்று ஒரு வரி எழுதிவிட்டு ஏற்றுக்கொண்டது. ஏதோ ஒரு தலைமுறை முதலாவதாக இருந்துதானே ஆகணும்! அந்தச் சின்ன நிரலுக்குத் தெரிந்தது 1948இன் சட்டத்துக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கிட்டைத் தலையில் தூக்கி வைக்கவேண்டாம். எழுதியவர் பெயர் என்று நாம் எதைத் தட்டினாலும் அது அப்படியே பதியும். உண்மையா என்று கேட்காது. செக்ரோலும் அப்படித்தான். ஏட்டின் நேர்மை பேனா பிடிக்கிறவர் கையில்.

அதனால் ஒரு யோசனை. தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதை எழுதிச் சேமிக்கிறவர்கள் கிட்டிலும் வைக்கலாம். கிட்டில் எழுதியவர், பதிந்தவர் என்று இரண்டு இடங்கள் உண்டு. அவங்க சம்மதித்தால், அம்மாச்சி சொன்ன கதைக்கு எழுதியவர் இடத்தில் அம்மாச்சியின் பெயரைப் போடுவோம். நம்ம பெயர் பதிந்தவர் இடத்தில் இருந்தால் போதும். இந்த ஏட்டிலாவது உழைத்தவருக்கு முழுப்பேர் விழட்டும்.