எஞ்சிய குளோரினும் தப்பிய வைரசும்: 1955 தில்லித் தொற்றை முன்வைத்து

1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லியில் சுமார் 29,300 பேர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டனர். அதற்கு முந்தைய நவம்பரில் யமுனை வெள்ளத்தின்போது நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் எதிர்த்தேறி, வஜிராபாத்தில் குடிநீருக்காக நீர் எடுக்கும் இடத்தில் கலந்திருந்தது. குளோரின் அளவு கூட்டப்பட்டது. டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆயினும் காமாலை வந்தது. சேமிப்பிலிருந்த குருதி மாதிரிகளை 1980இல் சோதித்தபோது அது ஹெபடைடிஸ் ஏ அல்ல எனத் தெரிந்தது. இன்று ஹெபடைடிஸ் ஈ என்றே கொள்ளப்படுகிறது.

குளோரின் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரசைக் கொல்லாது என்பதற்கு இந்நிகழ்வைச் சான்று காட்டுவோர் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணைப்படி, 10 டிகிரி செல்சியஸில் வைரஸ்களில் 99.99 விழுக்காட்டைச் செயலிழக்கச் செய்ய, கட்டற்ற, அதாவது வேறெதனோடும் சேராத, குளோரினின் செறிவையும் (மி.கி./லி.) தொடுநேரத்தையும் (நிமிடம்) பெருக்கினால் 6 வரவேண்டும். அதாவது லிட்டருக்கு 0.5 மி.கி. இருந்தால் 12 நிமிடம் போதும். ஹெபடைடிஸ் ஏ வைரசைக் கொண்டு, பாதுகாப்புக்காக மும்மடங்கு கூட்டிக் கணித்த மதிப்பு இது.

கழிவுநீர் கலந்த ஆற்றில் நிலைமை வேறு. அதிலுள்ள அம்மோனியா குளோரினைப் பற்றிக்கொண்டு குளோரமினாக மாற்றிவிடுகிறது. அதே அட்டவணையில், அதே வெப்பநிலையில், குளோரமினுக்கு உரிய மதிப்பு 1,491. லிட்டருக்கு 0.5 மி.கி. என்றால் இரண்டு நாளுக்கும் மேல். சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் வழக்கமாக அவ்வளவு நேரம் தேங்கி நிற்பதில்லை. ஈ.கோலை போன்ற பாக்டீரியாவோ போலியோ வைரசைவிடப் பன்மடங்கு எளிதில் குளோரமினுக்கு மடிகிறது. டைபாய்டு அடங்கிக் காமாலை பரவிய தில்லியின் விசித்திரத்துக்கு இதுவே பொருத்தமான விளக்கம் என்பது என் வாதம். கலங்கலும் துணைபோயிருக்கும், துகளுக்குள் ஒடுங்கிய வைரசைக் குளோரின் எட்டுவதில்லை.

கார அமில நிலையையும் விட்டுவிட முடியாது. பி.எச். 7.5ஐ ஒட்டி, கட்டற்ற குளோரினில் வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலம் ஏறக்குறையப் பாதி, 8.5இல் பத்தில் ஒரு பங்கே.

ஆகவே ஈ.கோலை இல்லை என்ற ஆய்வறிக்கையை வைரசுக்கும் சான்றிதழாகக் கொள்வது ஆபத்து. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 எஞ்சிய கட்டற்ற குளோரினைக் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. என்கிறது, வைரஸ் தடுப்பு தேவைப்பட்டால் 0.5 என்கிறது. கழிவுநீர் கலக்கும் ஆறுகளை நம்பியிருக்கும் ஊர்களுக்கு அந்தத் தேவை எந்நாளும் உண்டு. இன்றும் யமுனையில் அம்மோனியா ஏறும்போதெல்லாம் வஜிராபாத்தில் உற்பத்தி குறைகிறது.

அளக்கும் முறையிலும் கண்டிப்பு வேண்டும். குளோரினை அறிய உதவும் ஆர்த்தோடொலுடின் கரைசலை நீரில் சொட்டுவிட்டதும் சில நொடிகளில் தோன்றும் மஞ்சள்தான் கட்டற்ற குளோரினுக்கு உரியது. பிறகு மெல்ல அடர்வது குளோரமினின் நிறம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்த நிறத்தைக் கட்டற்ற குளோரின் எனப் பதிவேட்டில் எழுதினால், 12 நிமிடத்தில் முடியவேண்டிய வேலைக்கு இரண்டு நாள் கேட்கும் தண்ணீர், தரமானது என்ற பெயரில் குழாய்க்குப் போய்விடும்.