மேலுக்குச் சரியில்லை

டி. எஸ். எலியட் லாயிட்ஸ் பாங்கியில் 1917லிருந்து 1925 வரை வேலை பார்த்தார் என்ற தகவலை, அதே தொழிலில் இருப்பவன் என்பதால், நான் தேவைக்கு அதிகமாகவே நினைத்துக்கொள்வதுண்டு. 1919ல் ஹாம்லெட் பற்றிய கட்டுரையில் அவர் சொன்னது நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கலையில் உணர்ச்சியை நேராகச் சொல்லிவிட முடியாது, அதற்கு ஈடான ஒரு பொருளை, ஒரு நிலைமையை, ஒரு சம்பவத்தொடரைக் கண்டுபிடித்து வைக்கவேண்டும் என்றார். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ கவிதைகளை ஏற்றிருக்கிறோம், தள்ளியிருக்கிறோம். அவ்வளவாகப் பேசப்படாதது இரண்டு வருஷம் கழித்து நடந்தது. 1921ல் அவர் பாங்கியில் மூன்று மாதம் லீவு வாங்கிக்கொண்டு முதலில் மார்கேட் கடற்கரைக்கும், பிறகு லோஸான் நகரில் விட்டோஸ் என்ற டாக்டரிடமும் போனார். அப்போது நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தன் உபாதை வேலைப்பளுவால் வந்ததல்ல, சித்தம் முனைப்பற்றுப்போவதும் உணர்ச்சிகள் நிலைகுலைவதும் தனக்கு ஆயுள் முழுதும் இருந்துவரும் தொல்லை என்ற பொருளில் எழுதினார்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சந்தேகம் எழுகிறது. உணர்ச்சிக்கு ஈடாக வெளியே ஒரு பொருளைத் தேடு என்ற கோட்பாடு, தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே பிடிபடாத ஒருவரின் தேவையிலிருந்து வந்திருக்கலாமோ? நிரூபிக்க முடியாத சந்தேகம்தான். ஆனால் எனக்கு இது இலக்கியப் பிரச்னையாக மட்டும் வரவில்லை.

என் தகப்பனார் இறந்து நாலு மாதம் கழித்து எனக்கு வயிற்றில் எரிச்சல் ஆரம்பித்தது. சேலத்தில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். 'மனசில் ஏதாவது வருத்தம் உண்டா?' என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. உள்ளே தேடிப் பார்த்தேன், வருத்தம் என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் தட்டுப்படவில்லை, எரிச்சல்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, 'மாமா போனதுலருந்தே நீங்க இப்பிடித்தான இருக்கறீங்க' என்றாள். யாரோ ஒரு மூன்றாம் மனுஷனைப் பற்றிய தகவல்போல அதைக் கேட்டுக்கொண்டேன். பத்து வருஷமாகப் பிறர் கவிதையில் உணர்ச்சி போலியா நிஜமா என்று தீர்ப்புச் சொல்லி வருபவன் நான்.

இந்த நிலைக்கு ஒரு பெயர் உண்டென்று பிறகு தெரிந்தது. பாஸ்டனில் இருந்த பீட்டர் ஸிஃப்னியோஸ் என்ற கிரேக்க வம்சாவளி மனநல மருத்துவர் 1970களின் ஆரம்பத்தில் வைத்த பெயர்: அலெக்ஸிதைமியா. 'அ' என்றால் இல்லை, 'லெக்ஸிஸ்' என்றால் சொல், 'தைமோஸ்' என்றால் உணர்ச்சி. உணர்ச்சிக்குச் சொல்லில்லாமை. அவரும் ஜான் நெமையாவும் பார்த்த உடல்நோயாளிகளில் பலர் தங்கள் வலியை இஞ்ச் இஞ்சாக விவரித்தார்கள். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால் என்ன செய்தோம் என்பதைச் சொன்னார்கள். கனவும் கற்பனையும் வறண்டிருந்தன. இதே ஜாதி மனிதர்களைப் பாரிஸில் மார்ட்டி, டி முஸான் என்ற இருவர் 1963லேயே கண்டு, அவர்களுடைய சிந்தனையைக் காரியார்த்தமான சிந்தனை என்று வர்ணித்திருந்தார்கள். பிறகு டொரொன்டோவில் ஓர் அளவுகோல் வந்தது. 1994ல் திருத்தப்பட்ட வடிவத்தில் இருபது கேள்விகள். உணர்ச்சியை அடையாளம் காணும் சிரமம், அதை வெளியே சொல்லும் சிரமம், வெளிவிவகாரங்களையே பற்றிக்கொண்டிருக்கும் மனப்போக்கு என்று மூன்றையும் அது அளக்கிறது.

ஃபின்லாந்தில் குவோப்பியோ வட்டாரத்து நடுவயது ஆண்கள் 2297 பேரைச் சில வருஷங்கள் பின்தொடர்ந்து 1996ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். உணர்ச்சிக்குச் சொல்லில்லாதவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் செத்துப்போயிருந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்தக் குறை அதிகம் என்பதிலும் ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லை. தகராறு எது முன்னால் என்பதில். சோர்வு தெளியும்போது இந்த ஊமைத்தனமும் சிலரிடம் குறைகிறது. அப்படியானால் அது குணமா, நோயின் நிழலா?

ஆனால் உடல்நோயையெல்லாம் மனசின் கணக்கில் எழுதிவிடும் ஆர்வத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை வேண்டும். சிகாகோவில் ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர் மனசால் வருபவை என்று ஏழு வியாதிகளை வரிசைப்படுத்தியிருந்தார். குடல்புண் அதில் முக்கியமானது. இரண்டு தலைமுறை டாக்டர்கள் அதை விழுங்கிய ஏக்கத்தின் நோய் என்று நம்பினார்கள். 1982ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் புண்ணுக்குள்ளிருந்து ஒரு கிருமியை எடுத்துக் காட்டினார்கள். மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005ல் நோபல் பரிசு. அழகான வியாக்கியானம் ஒன்று ஆன்டிபயாடிக் மாத்திரையில் கரைந்துபோனது. நம் விமர்சகர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய சம்பவம்.

இனி எங்கள் ஊர்ப்பக்கம். சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்ற இந்தச் சமவெளியில் ஒருவர் சோர்ந்து உட்கார்ந்தால் 'மேலுக்குச் சரியில்லீங்க' என்பார். மேல் என்றால் உடம்பு. பொறாமை இங்கே வயித்தெரிச்சல். பயம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. சொல்லாமல் வைத்துக்கொள்பவன் நெஞ்சழுத்தக்காரன். துக்கம் தொண்டையை அடைக்கிறது, மனசுகூடக் கனக்கத்தான் செய்கிறது. அதையும் எடைபோட்டுத்தான் சொல்கிறோம். டொரொன்டோ கேள்வித்தாளை இங்கே கொண்டுவந்தால் ஊரே தேறாது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நிற்பவனிடமும், ரிக் வண்டியோடு மாசக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவனிடமும் நீ வெளிவிவகாரங்களையே பற்றிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்பது என்ன கேள்வி? அவன் ஜீவனமே அதுதான்.

இது நம் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆர்தர் க்ளைன்மன் 1980ல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சி என்று வந்த நூறு பேரைப் பார்த்ததில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு. தலைவலி, தூக்கமின்மை, களைப்பு என்றுதான் அவர்கள் சொன்னார்கள். 1999ல் வெளியான உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வொன்று பதினாலு தேசங்களில் நடந்தது. இங்கிருந்து நாலைந்து மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் பெங்களூரும் அதில் ஒரு மையம். மனச்சோர்வு கண்ட 1146 பேரில் 69 சதவீதம் டாக்டரிடம் வந்த காரணமாக உடல் உபாதையை மட்டுமே சொல்லியிருந்தார்கள். ஆனால் நேராகக் கேட்டபோது மனசின் தொல்லையை அறவே மறுத்தவர்கள் 11 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லில்லாதவன் வேறு. சொல்லிருந்தும் கேட்பாரில்லாதவன் வேறு.

மூன்றாவதாகவும் ஒருவர் உண்டு, சொல்ல அனுமதி இல்லாதவர். சங்க அகப்பாட்டில் வரும் வெறியாட்டு நம் இலக்கியத்தின் ஆதி மருத்துவத் தவறு. மகளின் வளை கழல்கிறது, மேனி பசக்கிறது. தாய் அதை நோய் என்று நினைத்து வேலனைக் கூப்பிடுகிறாள். கழங்கு பார்க்கிறார்கள், மறியை அறுக்கிறார்கள், முருகன் பிடித்திருக்கிறான் என்கிறார்கள். தலைவிக்குத் தன் நோய் இன்னதென்று நன்றாகவே தெரியும். தோழிக்கும் தெரியும். தெரியாதது தாய்க்கும் வேலனுக்கும்தான். கடைசியில் தோழி அறத்தொடு நிற்கிறாள், அதாவது சொல்லைக் கொண்டுபோய் வீட்டில் வைக்கிறாள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு வகுத்து, அவற்றுக்கு மெய்யில் படுவது என்றே பெயர் வைத்தது. உடம்பில் தெரிவது உணர்ச்சியின் இடத்தில் வந்து உட்கார்ந்த போலி என்று அந்த மரபு நினைக்கவில்லை. உடம்பை ஒரு பாஷையாகவே படித்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஸிஃப்னியோஸின் நோயாளிகளுக்கு வாய்க்காதது சொல்லா, தோழியா?

அரசாங்கத்தின் பதிவேடுகள் வேலனைவிட மோசமான வாசகர்கள். 1876-78 பஞ்சத்தை எங்கள் பக்கத்தில் தாது வருசப் பஞ்சம் என்பார்கள். அன்றைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871ல் ஏறத்தாழ இருபது லட்சம், 1881ல் ஏறத்தாழ பதினாறு லட்சம். ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்காரனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் போதாது என்று வாதாடினார். இரண்டு பேரும் பேசியது உடம்பைப் பற்றி, பேசவேண்டியதும் அதுதான் அன்றைக்கு. சாவுக் கணக்கில் காய்ச்சல், காலரா, வயிற்றுப்போக்கு என்று பத்திகள் இருந்தன. மிஞ்சியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் பத்தி இல்லை. பஞ்சத்தைப் பற்றிய கும்மிகள் ஓரளவு அதைச் சொல்லின. அவற்றை நாம் இலக்கியமாகக் கருதுவதில்லை.

அறுபது வருஷம் கழித்து இதே ஜில்லாவில் இன்னொரு பரிசோதனை நடந்தது. ராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் 1ல் மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில்தான் முதலில் கொண்டுவந்தது. அதற்கு முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து, கல்கி உதவிக்கு இருக்க, 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. ராஜாஜியின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. குடியால் கூலி போகிறது, பெண்டாட்டி அடிபடுகிறாள், உடம்பு கெடுகிறது என்ற கணக்கு அத்தனையும் சரி. ஆனால் நாள் முழுதும் தறிக்குழியில் உட்கார்ந்தவன் சாயங்காலம் எதை மறக்கக் குடித்தான் என்று அந்தப் பிரசாரம் கேட்கவில்லை. குடிக்கு அடிமையானவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேரிடம், சில ஆய்வுகளில் அதற்கு மேலும், உணர்ச்சிக்குச் சொல்லில்லாத இந்தக் குறை தென்படுவதாக இன்று சொல்கிறார்கள். கள்ளுக்கடையை மூடலாம். அங்கே அவன் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்திருப்பான், அதற்கு மாற்றாக எதைத் திறந்தோம்?

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 1959ல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து புதுக்கவிதை பெற்ற பெரிய லாபம் உணர்ச்சிப் பெருக்கிலிருந்து விடுதலை. நெஞ்சே, நிலவே என்ற அங்கலாய்ப்புகளைக் கழித்துக்கட்டினோம். வறண்ட தொனி, தகவல்போலச் சொல்லும் பாங்கு, தன்னை வெளியே நிறுத்திப் பார்ப்பது ஆகியவற்றைச் சாதனை என்று நானே பல தடவை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். நான் பாராட்டிய கவிதைகளில் சிலவற்றில் அடக்கம் இருக்கிறது. அடக்குவதற்கு ஒன்று உள்ளே இருந்து முட்டுவது வரிக்கு வரி தெரிகிறது. வேறு சிலவற்றில் அடக்குவதற்கே ஒன்றுமில்லை. டாக்டரிடம் நான் 'இல்லை' என்று சொன்ன அதே குரல். இரண்டையும் ஒரே வார்த்தையால் பாராட்டிவிட்டேன். எலியட் பொருளைத் தேடினார், உள்ளே ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருந்ததால் தேடினார். நம்மில் பலர் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சென்ற மாசம் கவுன்டருக்கு நாமக்கல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மகன் இறந்துவிட்டான், அவன் கணக்கை முடிக்கவேண்டும். மனுப் பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

'என்னங்க பண்ணுது?' என்றேன்.

'நெஞ்சுல என்னமோ அடைக்குதுங்க தம்பி. மூனு ஆஸ்பத்திரி பாத்தாச்சு. படம் எடுத்துப் பாத்துட்டு ஒன்னுமில்லீங்கறாங்க.'

'எப்பலருந்துங்க?'

'வண்டி நாக்பூருக்கு லோடு ஏத்துச்சுங்களே, அதுக்கு அடுத்த வாரத்துலருந்து' என்றார்.

பாரத்தில் இறந்தவருடன் உறவு, இறந்த தேதி, சாட்சிகள் என்று கட்டங்கள் இருந்தன. மகனின் பெயர் பாஸ்புக்கிலேயே இருந்தது. இருந்தும் பேரென்ன என்று கேட்டேன். சொன்னார். ஆள் எப்படி என்று கேட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, 'ராத்திரி வண்டி நல்லா ஓட்டுவானுங்க' என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார்போல இருந்தது. பிறகு கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டார்.