வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்ப்பது?



போன மாதம் என் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இவ்வளவு சீக்கிரமா?" என்று பயந்துபோய்ப் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இது புதிதே அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற மருத்துவர், குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே தாயுடன் வீட்டுக்கு அனுப்பினார். பத்தாண்டுகளில் இப்படி 8,988 அறுவைகள் நடந்ததாக 1909இல் எழுதினார். பிறகு நர்சுகள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

அந்த நர்சின் வேலையில் ஒரு பகுதியை இன்று கைப்பேசி செய்கிறது. 2015இல் கனடாவின் டொராண்டோவில், மார்பக மறுசீரமைப்பு அறுவை செய்துகொண்ட 65 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தங்கள் உடல்நிலையையும் காயத்தின் படத்தையும் செயலி வழியே அனுப்பினார்கள். முதல் 30 நாளில் அவர்கள் நேரில் போவது குறைந்தது, சிக்கல்கள் கூடவில்லை.

எங்களுக்கு அப்படிச் செயலி எதுவும் தரவில்லை. தையலைப் படம் எடுக்கப் போனால் என் கை நடுங்கியது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பழைய மாணவி வந்து எடுத்து, டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.